நடுவர் இல்லாத பட்டிமன்றம்

2007 மார்ச் 25, ஞாயிறு இரவு. போர்த்துகலின் அரசுத் தொலைக்காட்சியான ஆர்.டி.பி., பல மாதங்களாக ஓடிக்கொண்டிருந்த ஒரு தொடரின் முடிவை நேரலையில் அறிவித்தது. தொடரின் பெயர் 'மாபெரும் போர்த்துகீசியர்'. நாட்டு வரலாற்றில் எல்லோரையும்விடப் பெரியவர் யார் என்று முதலில் மக்களைக் கேட்டார்கள். முன்னுக்கு வந்த பத்துப் பேரைப் பற்றி ஆளுக்கொரு ஆவணப்படம் எடுத்துக் காட்டினார்கள். பிறகு தொலைபேசியில் வாக்குக் கேட்டார்கள். நாட்டை நிறுவிய முதல் அரசர் அபோன்சோ என்ரிக்கஸ், தேசியக் காவியம் பாடிய கமோயின்ஷ், 1755 நிலநடுக்கத்தில் இடிந்த லிஸ்பனைத் திரும்பக் கட்டிய பொம்பால், கவிஞர் பெர்னான்டோ பெசோவா என்று அந்தப் பத்துப் பேர் வரிசை கனமானது. கோழிக்கோட்டுக் கரைக்கு வந்துசேர்ந்த வாஸ்கோ ட காமாவும் அதில் இருந்தார். அவருக்குக் கிடைத்தது 0.7 சதவீதம், பத்தாவது இடம். நம் பாடப்புத்தகங்கள் அவருக்குக் கொடுத்திருக்கும் இடத்தைக்கூட அவருடைய ஊர்க்காரர்கள் கொடுக்கவில்லை.

முதலிடம் அன்டோனியோ டி ஒலிவேரா சலாசருக்கு. 41 சதவீதம்.

சலாசரை நமக்கு கோவா வழியாகத் தெரியும். 1961 டிசம்பரில் இந்திய ராணுவம் உள்ளே நுழைந்தபோது, சரணடையக் கூடாது, கடைசி ஆள்வரை சண்டையிட வேண்டும் என்று லிஸ்பனிலிருந்து ஆணை அனுப்பியவர் அவர். அங்கிருந்த ஆளுநர் வஸ்ஸாலோ இ சில்வா கையில் இருந்த படையையும் எதிரில் வந்த படையையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சரணடைந்தார். ஊர் திரும்பிய அவரை ராணுவத்திலிருந்தே நீக்கினார்கள். அதே ஆண்டு அங்கோலாவில் தொடங்கிய காலனியப் போர் கினியாவுக்கும் மொசாம்பிக்குக்கும் பரவி, சலாசர் இறந்த பிறகும் நீண்டது. கோயிம்ப்ராவில் பொருளியல் பேராசிரியராக இருந்தவர் 1928இல் நிதியமைச்சர் ஆனார், 1932இல் பிரதமர் ஆனார். 1968இல் நாற்காலியிலிருந்து விழுந்து மூளை பாதிக்கப்படும்வரை இறங்கவில்லை. அதற்குப் பிறகும் அவர்தான் பிரதமர் என்று அவரை நம்பவைத்து, 1970இல் சாகும்வரை சுற்றியிருந்தவர்கள் நாடகத்தை நடத்தினார்கள். 36 ஆண்டு ஆட்சியில் தணிக்கை உண்டு, பிடே என்ற ரகசியக் காவல்படை உண்டு, கேப் வெர்டே தீவில் தராஃபால் என்ற சிறைமுகாம் உண்டு. அந்த ஆட்சியின் மிச்சத்தைக் கவிழ்த்த 1974 ஏப்ரல் 25 இன்றும் போர்த்துகலில் தேசிய விடுமுறை நாள். அந்தப் புரட்சி நடந்து 33 ஆண்டுகூட முழுதாக ஆகாத நிலையில்தான் இந்த 41 சதவீதம் வந்தது.

வெளிநாட்டுச் செய்தித்தாள்கள் இத்தோடு நிறுத்திக்கொண்டன. சர்வாதிகாரி ஜெயித்தார் என்பது நல்ல தலைப்புதான். ஆனால் இரண்டாவது, மூன்றாவது இடங்களையும் சேர்த்துப் பார்த்தால் கதையே வேறு.

இரண்டாவது இடத்தில், 19.1 சதவீதத்துடன், அல்வாரோ குன்யால். கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர். 1949இல் சலாசரின் காவல்படை அவரைப் பிடித்து அடைத்தது. 1960 ஜனவரி 3ஆம் தேதி பெனிஷ் என்ற கடற்கரைக் கோட்டைச் சிறையிலிருந்து பத்துப் பேராகத் தப்பினார்கள். உடந்தையாக இருந்த ஒரு காவலர் தன் அங்கிக்குள் ஒவ்வொருவராக மறைத்துக் கூட்டிப்போனார். படுக்கை விரிப்புகளை முடிச்சுப்போட்ட கயிற்றில் மதிலிலிருந்து இறங்கினார்கள். மூன்றாவது இடத்தில், 13 சதவீதத்துடன், அரிஸ்டிடெஸ் டி சோசா மென்டெஸ். 1940 ஜூனில் பிரான்சின் போர்தோ நகரில் போர்த்துகல் தூதரக அதிகாரி. ஜெர்மானியப் படைக்குப் பயந்து ஓடிவந்த யூதர்களுக்கும் மற்றவர்களுக்கும் விசா கொடுக்கக் கூடாது என்று மேலிடத்துச் சுற்றறிக்கை இருந்தது. மனிதர் அதை ஒதுக்கிவைத்துவிட்டு ஆயிரக்கணக்கில் விசா எழுதிக் கொடுத்தார். நேரம் போதாமல் தன் நீண்ட கையெழுத்தை வெறும் 'மென்டெஸ்' என்று சுருக்கிக்கொண்டார். அப்போது வெளியுறவுத் துறையையும் கையில் வைத்திருந்தவர் சலாசரேதான். விசாரணை நடத்தி வேலையைப் பறித்தார். பெரிய குடும்பம் சிதறிப்போனது. 1954இல் சோசா மென்டெஸ் வறுமையில் செத்தார்.

ஆக முதல் மூன்று இடங்களில் தண்டித்தவர், அவரால் அடைபட்டவர், அவரால் வேலை இழந்தவர். மூவரும் சேர்ந்து வாங்கியது 73 சதவீதம். எண்ணூறு ஆண்டு வரலாற்றுக்கும், கமோயின்ஷுக்கும், கடலோடிகளுக்கும் எஞ்சியது கால் பங்கு. அந்த நாட்டுக்காரர்கள் மாபெரும் மனிதரைத் தேர்ந்தெடுக்க வந்தவர்களாக எனக்குத் தெரியவில்லை. 36 ஆண்டு கால ஆட்சி ஒன்றின்மேல் தங்கள் வாக்குமூலத்தைப் பதிய வந்தவர்களாகத்தான் தெரிகிறார்கள்.

இந்த அமைப்பைக் கண்டுபிடித்தது பி.பி.சி. 2001இல் பார்வையாளர்களிடம் பெயர்களைக் கேட்டு வாங்கி, 30,000க்கும் மேற்பட்டோர் சொன்னதிலிருந்து நூறு பேர் பட்டியல் தயாரித்தார்கள். 2002இல் முதல் பத்துப் பேருக்கு ஆளுக்கொரு படம். படத்தை வழங்கியவர் நடுநிலையான வரலாற்றாசிரியராக இருக்க வேண்டியதில்லை. கட்சிக்காரருக்காக வாதாடும் வக்கீலாக இருக்க வேண்டும், அதுதான் விதி. சர்ச்சிலுக்கு முன்னாள் அமைச்சர் மோ மோலம் வந்தார். முதலாம் எலிசபெத்துக்குப் பழமைவாதக் கட்சியின் மைக்கேல் போர்ட்டிலோ, டார்வினுக்குப் பத்திரிகையாளர் ஆண்ட்ரூ மார், ஜான் லெனனுக்கு நகைச்சுவை நடிகர் ஆலன் டேவிஸ். ரயில்பாதையும் பாலமும் கப்பலும் கட்டிய பொறியாளர் புரூனெலுக்குக் கார் நிகழ்ச்சி நடத்தும் ஜெரமி கிளார்க்சன்.

தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இது பட்டிமன்றம். கர்ணனா கும்பகர்ணனா என்று அணி பிரிந்து, தன் பக்கத்தை மட்டும் பேசி, எதிர் அணியைச் சீண்டி, கைதட்டல் வாங்குகிற அதே கலை. கர்ணனுக்குப் பேசுகிறவர் சபையில் அவன் பாஞ்சாலியைப் பற்றிச் சொன்ன வார்த்தையை எடுக்கமாட்டார், எதிர் அணி எடுக்கட்டும் என்று விட்டுவிடுவார். ஆனால் நம் மேடையில் நடுவர் என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார். இரண்டு பக்கத்தையும் கேட்டு, ஜோக் ஒன்று சொல்லி, யாரும் கோபித்துக்கொள்ளாதபடி தீர்ப்பை நடுவில் கொண்டுபோய் வைப்பார். பி.பி.சி. அந்த நாற்காலியைத் தூக்கிவிட்டு அங்கே தொலைபேசியை வைத்தது.

வக்கீலின் வாய்ச்சாதுர்யம் எவ்வளவு செல்லும் என்பதற்குப் புரூனெலே சாட்சி. சர்ச்சில் 4,56,498 வாக்கு வாங்கி ஜெயித்தார், அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. 3,98,526 வாக்குடன் புரூனெல் இரண்டாவதாக வந்ததுதான் ஆச்சரியம். ஷேக்ஸ்பியருக்குக் கிடைத்தது ஒரு லட்சத்துச் சொச்சம், நியூட்டனுக்கு அதுவும் இல்லை. கிளார்க்சனின் படம் ஒரு காரணம். இன்னொன்று, லண்டனில் புரூனெல் பெயரிலேயே இயங்கும் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் திரண்டு வாக்குப் போட்டது. நியூட்டன் படித்த கேம்பிரிட்ஜுக்கு அந்த மாதிரி வேகம் வரவில்லை.

நூறு பேர் பட்டியலில் இன்னொரு விநோதமும் உண்டு. 1916 டப்ளின் எழுச்சிக்காக, காயத்தால் நிற்க முடியாதவரை நாற்காலியில் கட்டிவைத்து ஆங்கிலேயர் சுட்டுக்கொன்ற ஜேம்ஸ் கானலி 'மாபெரும் பிரிட்டானியர்' நூறு பேரில் ஒருவர். எடின்பரோவில் பிறந்தார் என்பது தகுதி. 2010இல் அயர்லாந்துத் தொலைக்காட்சி 'அயர்லாந்தின் மாபெரும் மனிதர்' என்று தேடியபோது கடைசி ஐந்து பேரில் அதே கானலி மறுபடி வந்தார். பாடகர் போனோவும் அப்படியே, இரண்டு பட்டியலிலும் இருந்தார்.

இந்த அமைப்பை நாடு நாடாக வாங்கினார்கள். வாங்கிய இடத்திலெல்லாம், தூக்கிவிட்டதாகச் சொன்ன நடுவர் நாற்காலி மேசைக்கு அடியில் இருந்தது தெரிந்தது. ஜெர்மனியின் செட்.டி.எஃப். 2003இல் தொடங்கும்போதே ஹிட்லருக்கும் நாஜிகளுக்கும் வாக்குப் போட முடியாது என்று கதவைச் சாத்திவிட்டது. அடெனவர் முதலாவதாக, லூதர் இரண்டாவதாக, மார்க்ஸ் மூன்றாவதாக வந்தார்கள். மோட்ஸார்ட்டை ஜெர்மானியராக்கியதற்கு ஆஸ்திரியர்கள் கோபித்துக்கொண்டார்கள். பாட்டுப் போட்டியில் தலைகாட்டிய ஒரு பதின்வயதுப் பையன் முதல் இருபதுக்குள் வந்தது தனிக்கதை. செக் நாட்டில் 2005இல் மக்கள் கொண்டாடிய பெயர் யாரா சிம்ர்மன். நாடகாசிரியர், கண்டுபிடிப்பாளர், நாடோடி, எல்லாம் அவரே. ஒரே குறை, அவர் பிறக்கவே இல்லை. 1960களில் வானொலி நகைச்சுவைக்காகக் கற்பனை செய்த பாத்திரம் அது. விதியைக் காட்டி அவரை நீக்கினார்கள், நான்காம் சார்லஸ் அரசர் ஜெயித்தார். தங்கள் நாட்டின் மாபெரும் மனிதர் யார் என்று கேட்டதற்கு, இல்லாத ஒருவரைக் கைகாட்டிய செக் மக்களின் பதில்தான் இந்தத் தொடர்கள் வாங்கிய பதில்களிலேயே கெட்டியானது என்று எனக்குப் படுகிறது.

நெதர்லாந்தில் தடை வேறு விதமாக வந்தது. ஆன் ஃபிராங்கைச் சேர்க்கலாமா என்ற கேள்வி எழுந்தது. அவர் ஜெர்மனியில் பிறந்தவர். நாஜிச் சட்டம் குடியுரிமையைப் பறித்ததால் நாடற்றவராகவே முகாமில் இறந்தார். டச்சு மொழியில் நாட்குறிப்பு எழுதிய பெண் டச்சுக்காரி இல்லை. இறந்தவருக்குக் குடியுரிமை கொடுக்கச் சொல்லி 2004இல் ஓர் இயக்கமே நடந்தது. சட்டத்தில் வழியில்லை என்று அரசு கைவிரித்தது. தொலைக்காட்சி பெருந்தன்மையாக அவரைப் பட்டியலில் வைத்துக்கொண்டது, எட்டாவதாக வந்தார். முதலிடம் இரண்டு ஆண்டுக்கு முன் கொலையான அரசியல்வாதி பிம் ஃபோர்தெய்னுக்கு. நாட்டை நிறுவிய ஆரஞ்சு வில்லியமுக்கு வாக்கு அதிகம் விழுந்திருந்தது பிறகு தெரியவந்தது. தொலைபேசி நெரிசலில் பல வாக்குகள் நேரத்துக்கு வந்துசேரவில்லை. ஆனாலும் அறிவித்த முடிவை மாற்றவில்லை.

தென்னாப்பிரிக்காவில் இதே 2004இல் பட்டியல் வெளியானதும் நிகழ்ச்சியே நின்றது. முதலிடம் மண்டேலா, அதில் தகராறு இல்லை. ஆனால் நிறவெறிச் சட்டங்களை வடிவமைத்த வெர்வூர்ட் 19ஆவது இடத்தில் இருந்தார். வாக்குப் போட்டவர்கள் யார், அந்த அலைவரிசையை வீட்டில் யார் பார்க்கிறார்கள், தொலைபேசியும் இணையமும் யாரிடம் இருக்கின்றன என்று கேள்வி கிளம்பியது. பதில் சொல்ல முடியாமல் தொடரைக் கைவிட்டார்கள்.

ரஷ்யா இதையெல்லாம் பார்த்துப் பாடம் கற்றுக்கொண்டு வந்தது போலத் தெரிந்தது. 2008இல் 'ரஷ்யாவின் பெயர்' தொடரில் கோடைகாலத்தில் ஸ்டாலின் இணைய வாக்கில் முன்னணிக்கு வந்தார். கணினி விஷமிகள் வேலை என்று சொல்லி எண்ணிக்கையைத் திரும்பத் தொடங்கினார்கள். டிசம்பர் 28 முடிவில், 13ஆம் நூற்றாண்டு இளவரசர் அலெக்சாண்டர் நெவ்ஸ்கிக்கு 5,24,575. ஜார் காலப் பிரதமர் ஸ்டோலிபினுக்கு 5,23,766. ஸ்டாலினுக்கு 5,19,071. முதல் இடத்துக்கும் மூன்றாவது இடத்துக்கும் ஆறாயிரம்கூட வித்தியாசம் இல்லை. ஸ்டாலின் தோற்றார் என்றும் சொல்லிக்கொள்ளலாம், ஐந்து லட்சம் பேர் அவருக்கு வாக்குப் போட்டார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இவ்வளவு அளவெடுத்துத் தைத்த சட்டையை வாக்குப் பெட்டியில் அடிக்கடி பார்க்க முடியாது. நெவ்ஸ்கிக்கு வாதாடிய பேராயர் கிரில் அடுத்த மாதமே ரஷ்யத் திருச்சபையின் தலைவரானார்.

இந்தியா 2012இல் செய்தது இந்த வரிசையில் வேறொரு வகை. 'மாபெரும் இந்தியர்' என்ற தேடலில் காந்தி கிடையாது. அவரை வைத்தால் போட்டியே இருக்காது, விடுதலைக்குப் பிந்தியவர்கள் மட்டும் போதும் என்று எல்லை போட்டார்கள். பொதுமக்கள் வாக்கு, நடுவர் குழு, நீல்சன் நிறுவனத்தின் கள ஆய்வு என்று மூன்றையும் கலந்து முடிவெடுத்தார்கள். முதலிடம் அம்பேத்கர், இரண்டாவது ராமேஸ்வரத்து அப்துல் கலாம், மூன்றாவது பட்டேல், நான்காவது நேரு. பொதுமக்கள் வாக்கைத் தனியாக எடுத்தால் அம்பேத்கரும் கலாமும் லட்சக்கணக்கில் குவித்தார்கள், நேரு சில ஆயிரங்களோடு நின்றார். நடுவர் குழு இல்லையென்றால் அவர் இன்னும் கீழே போயிருப்பார். அம்பேத்கருக்கு வாக்குப் போட்டவர்கள் புரூனெல் மாணவர்களைப் போல விளையாட்டுக்காகத் திரண்டவர்கள் இல்லை. அந்த மனிதரின் பெயரைப் பாடப்புத்தகத்தின் ஓரத்தில் மட்டும் பார்த்துப் பழகியவர்கள் கைக்கு ஒரு வாக்குச்சீட்டு கிடைத்தது, பயன்படுத்தினார்கள். தொலைபேசி வாக்கு பொய் பேசும் என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

போர்த்துகலுக்குத் திரும்புவோம். அங்கேயும் நடுவர் ஒருமுறை தலைநீட்டிப் பார்த்தார். யோசனைக்காக ஆர்.டி.பி. முதலில் வெளியிட்ட பெயர் வரிசையில் சலாசர் இல்லை. தணிக்கையாளரைத் தணிக்கை செய்கிறீர்களா என்று கூச்சல் கிளம்பியதும் சேர்த்துக்கொண்டார்கள். அதுவரை அக்கறை இல்லாமல் இருந்தவருக்குக்கூட இப்போது ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

எண்ணிக்கையைப் பார்த்தால் பதற்றம் கொஞ்சம் குறையும். இறுதிச் சுற்றில் விழுந்த வாக்கு ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல். அதில் 41 சதவீதம் என்றால் அறுபத்தைந்தாயிரம் சொச்சம். நாட்டின் மக்கள்தொகை அப்போது ஒரு கோடிக்கு மேல். ஆயிரம் பேருக்கு ஆறு பேர் அவருக்காகத் தொலைபேசியை எடுத்தார்கள். இதை வைத்து போர்த்துகீசியர்கள் சர்வாதிகாரத்துக்கு ஏங்குகிறார்கள் என்று எழுதினால் அது ஆய்வு ஆகாது. ஆனால் அந்த ஆறு பேர் ஏன் இவ்வளவு மும்முரமாக இருந்தார்கள் என்ற கேள்வியை எண்ணிக்கை அடைத்துவிடாது.

ஒரு பதில் படச்சுருளில் இருக்கிறது. சலாசரைப் பற்றிப் படம் எடுக்கிற யாருக்கும் காட்சிகளுக்குப் பஞ்சமே இல்லை. 1933இலேயே பிரச்சாரத்துக்கென்று தனிச் செயலகம் அமைத்து அன்டோனியோ ஃபெரோவிடம் கொடுத்தவர் அவர். 1938 முதல் 1951 வரை திரையரங்குகளில் ஓடிய செய்திப்படங்கள் இருக்கின்றன. அணைக்கட்டுத் திறப்பு, கண்காட்சி, வரிசையாக நிற்கும் பள்ளிப் பிள்ளைகள், நடுவில் கறுப்பு உடுப்பில் அடக்கமாக நிற்கும் பேராசிரியர். எல்லாம் நல்ல வெளிச்சத்தில், நல்ல கோணத்தில். பிடேயின் விசாரணை அறைக்குள் யாரும் கேமரா கொண்டுபோகவில்லை. சோசா மென்டெஸுக்குக் காட்ட என்ன இருக்கிறது? சில புகைப்படங்கள், முத்திரை குத்திய பழைய கடவுச்சீட்டுகள், தூதரகப் பதிவேட்டில் நெருக்கியடித்த பெயர்கள். முதல் அரசர் அபோன்சோவின் நிலைமை இன்னும் மோசம், அவர் முகமே யாருக்கும் தெரியாது. 2006இல் கோயிம்ப்ராவில் அவர் கல்லறையைத் திறந்து எலும்புகளை ஆராய ஆய்வாளர்கள் தயாரானபோது கடைசி நேரத்தில் அரசு நிறுத்திவிட்டது. ஆவணப்படம் என்ற கலை ஆவணம் உள்ளவர் பக்கம்தான் சாயும். அதிகாரத்தில் இருந்தவர் தனக்கான ஆவணத்தைத் தானே செய்துவைத்துவிட்டுப் போயிருப்பார். வக்கீல் யாராக இருந்தாலும் இந்தப் பாரம் தராசில் இருக்கும். சலாசருக்கு வாதாடியவர் வலதுசாரி அறிஞர் ஜெய்மே நொகேரா பின்டோ. குன்யாலுக்கு அவர் கட்சியின் ஒதேத் சான்டோஸ். சோசா மென்டெஸுக்கு மட்டும் உண்மையிலேயே ஒரு வக்கீல் கிடைத்தார். வழக்கறிஞர் சங்கத் தலைவராக இருந்த ஜோசே மிகெல் ஜூடிஸ். பழைய வழக்கு ஒருவழியாக வக்கீலைக் கண்டது.

இன்னொரு பதில், நிஜமான நீதிமன்றத்தில் இருக்கிறது. சலாசர் விசாரணையைச் சந்திக்காமலே இறந்தார். புரட்சிக்குப் பின் பிடே ஆட்களைப் பிடித்துவைத்தார்கள். 1975 ஜூனில் அல்கோயென்ட்ரே சிறையிலிருந்து 89 பேர் ஒரே நாளில் ஓடிப்போனார்கள். தீர்ப்பு வந்தவர்களில் பலருக்கும் லேசான தண்டனைதான். ஆட்சியைக் கவிழ்த்தார்கள், அதன் கணக்கை முடிக்கவில்லை. முடிக்காத கணக்கு முப்பது ஆண்டு கழித்து ஒரு பொழுதுபோக்கு நிகழ்ச்சியின் தொலைபேசி எண்ணில் வந்து விழுந்தது. ஒருவர் சலாசருக்கு வாக்குப் போட்டது விலைவாசியைத் திட்டுவதற்காகவும் இருக்கலாம், ஆப்பிரிக்காவில் விட்டுவந்த தோட்டத்துக்காகவும் இருக்கலாம், லிஸ்பன் அறிவுஜீவிகளுக்கு எரிச்சலூட்டுவதற்காகவும் இருக்கலாம். தொலைபேசி வாக்கில் காரணம் எழுதக் கட்டம் கிடையாது.

சலாசர் பிறந்த விமியேரோ, சான்டா கொம்பா டாவ் நகராட்சியில் இருக்கிறது. சோசா மென்டெஸ் பிறந்த கபானாஸ் டி விரியாட்டோ அடுத்த நகராட்சி. இருவரும் நான்கு வருட இடைவெளியில் பிறந்து, அதே கோயிம்ப்ரா பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். தொடர் ஓடிய அதே 2007இல் சலாசர் ஊரில் அவர் காலத்துக்கு ஓர் அருங்காட்சியகம் என்ற பேச்சு வந்து, ஆதரவும் எதிர்ப்பும் தெருவுக்கு வந்தன. குன்யால் தப்பிய பெனிஷ் கோட்டையைத் தங்கும் விடுதியாக்கும் திட்டம் பின்னாளில் வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அதை விட்டுவிட்டு, 2024 ஏப்ரலில், புரட்சியின் ஐம்பதாம் ஆண்டில், எதிர்ப்பியக்க அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். 2021இல் லிஸ்பனில் தேசிய நினைவு மண்டபத்தில் சோசா மென்டெஸ் பெயரைக் கல்லில் பொறித்தார்கள். கபானாஸில் இடிந்துகிடந்த அவருடைய பெரிய வீட்டைப் பழுதுபார்த்து 2024 ஜூலையில் அருங்காட்சியகமாக்கினார்கள். அங்கே போகிறவர் சான்டா கொம்பா டாவ் பக்கம் போனால் விமியேரோ இடுகாட்டில் சலாசரின் கல்லறையையும் பார்க்கலாம். பெரிய மண்டபம் எதுவும் இல்லை, குடும்பத்தார் கல்லறைகளுக்கு நடுவே அதுவும் ஒன்று.